இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஒரு இரும்புப் பெட்டி: மழைக்காலம் தாண்டிய பிறகு எழுதுகிறேன்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பெட்டி, இரண்டு பூட்டு, பவுடர் கோட்டிங் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏற்றி வந்த வேன் வாடகையும் இறக்கி வைத்த ஆட்கள் கூலியும் தனி. கோயம்புத்தூரில் பீரோவும் லாக்கரும் செய்கிற ஒரு பட்டறையில் அளவு கொடுத்துச் செய்தது. நல்ல பெட்டி. குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். ஆனாலும் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிற எந்த வீட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் பெட்டி வந்து சுவரில் மாட்டின பிறகுதான் துப்பாக்கியே உள்ளே வர வேண்டும் என்பது என் கருத்து.

எங்களுக்குக் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை. வீடு தோட்டத்துக்கு நடுவில், கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. அப்பா பேரில் ஒரு பன்னிரண்டு போர் (bore, குழல் வாயின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ரொம்ப காலமாக இருந்தது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. அந்த வழியில் என் பேருக்கு வந்தது. விண்ணப்பத்தோடு, ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்று ஒரு உறுதிமொழியும் எழுதித் தருகிறோம். பலரும் அதை இன்னொரு தாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மொத்த விண்ணப்பத்தில் முக்கியமான தாளே அதுதான்.

மலைப்பக்கத்து வீடுகளில் துப்பாக்கி எங்கே இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பீரோவுக்கு மேல், இல்லை என்றால் கட்டிலுக்குப் பின்னால் சுவரோரம், பழைய தோல் உறையில். தோட்டா பக்கத்து டிராயரில், பேட்டரியோடும் பழைய ரசீதோடும் கலந்து கிடக்கும். வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும், பிள்ளையோடு விளையாட வருகிற பிள்ளைக்குத் தெரியும், வேலைக்கு வருகிறவர்களுக்கும் பெயிண்ட் அடிக்க வந்தவருக்கும் தெரியும். ஒளித்து வைத்தால் போதும் என்கிறவர்களிடம் நான் கேட்பது, உங்கள் வீட்டில் நீங்கள் ஒளித்த தீபாவளிப் பலகாரம் எத்தனை நாள் கிடைக்காமல் இருந்திருக்கிறது?

சாதாரண ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டலாமே என்று அப்பாவே கேட்டார். பூட்டலாம், திறந்து கிடப்பதற்கு அது மேல்தான். ஆனால் வீட்டு பீரோவின் தகடு 20 கேஜ், 22 கேஜ்தான், அதாவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. களைவெட்டுகிற கம்பியை இடுக்கில் விட்டு நெம்பினால் கதவு வளைந்துவிடும். தவிர, அந்த பீரோவை வீட்டில் எல்லோரும் தினமும் திறக்கிறோம், புடவையும் பத்திரமும் அதில்தான். ஆன்லைனில் விற்கிற எண் அழுத்தித் திறக்கும் சின்ன லாக்கர்கள் நீளம் பத்தாது. நீளமாகக் கிடைப்பவற்றில் மலிவானவை பலதிலும் உள்ளே இருக்கிற சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் நகர்கிற தாழ்ப்பாள், ஒரு சின்ன ஸ்பிரிங்கை நம்பித்தான் இருக்கிறது, மேலே ஓங்கித் தட்டினால் அது துள்ளுகிற நேரத்தில் கைப்பிடி திரும்பிவிடும். பேட்டரி தீர்ந்தால் தனித் தலைவலி. சாவிப் பூட்டே போதும் என்று முடிவு செய்தேன்.

பெட்டி எப்படி என்று பார்ப்போம். உடல் முழுக்க 3 மில்லிமீட்டர் தகடு. உயரம் 135 சென்டிமீட்டர், அகலம் 35, ஆழம் 30. காலியாகவே ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் இல்லாமல் நகராது. கதவு வெளியே துருத்திக்கொண்டு நிற்காமல் சட்டத்துக்கு உள்ளே அமுங்கி உட்காருகிறது, நெம்புகோல் விட இடுக்கு இல்லை. கீல் உள்பக்கம். சாவியைத் திருப்பிக் கைப்பிடியை இறக்கினால் மூன்று பக்கமும் கட்டைவிரல் தடிமனில் உருளைகள் இழுத்துக்கொள்ளும், அந்த 'டக்' சத்தம் சுத்தமாகக் கேட்கிறது. கீல் பக்கத்திலும் ஒரு பட்டை வெல்டிங் செய்திருக்கிறார்கள், கீலை அறுத்தாலும் கதவு அந்தப் பக்கம் கழன்று வராது. இதைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் பட்டறைக்காரர்கள் வைக்க மாட்டார்கள். உள்ளே மேல்பகுதியில் தனிக் கதவோடு தோட்டாவுக்கு ஒரு அறை, அதற்கு வேறு பூட்டு, வேறு சாவி.

வேறு சாவி என்பதைச் சொல்லித்தான் வாங்கினேன், ஆனாலும் முதலில் வந்த உள்பூட்டை வெளிச் சாவியே திறந்தது, ஒரே வரிசையில் வந்த பூட்டு போல. போன் செய்தேன். பட்டறைக்காரர், "அப்படியா சொல்றீங்க, இருக்காதுங்களே" என்றார். வீடியோ எடுத்து அனுப்பின பிறகு, "மாத்திக் குடுத்தர்றேனுங்க, தப்பு எங்களுதுங்க" என்று ஒப்புக்கொண்டு வேறு பூட்டு பஸ்ஸில் போட்டு அனுப்பினார். காசு கேட்கவில்லை. நீங்கள் வாங்கினால் பட்டறையிலேயே நின்று ஒவ்வொரு சாவியையும் ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு குறை உள்ளே ஒட்டியிருந்த வெல்வெட் துணி. பார்க்க அழகு, ஆனால் எங்கள் ஊருக்கு ஆகவே ஆகாது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரில் ஆரம்பித்தால் டிசம்பர் வரைக்கும் சுவர் ஓதம் காத்துக்கொண்டிருக்கும், துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து போகும். வெல்வெட் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டது, தொட்டால் சில்லென்று இருந்தது. முழுக்க உரித்துவிட்டு, துப்பாக்கி படுகிற இரண்டு இடத்தில் மட்டும் ஈரம் குடிக்காத ரப்பர் துண்டு வைத்தேன். நீலகிரிக்காரர்கள் துணியே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கத்தவர்களுக்கும் இதேதான், அங்கேயும் மேகம் வீட்டுக்குள் வருகிறது.

துரு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலையில் துப்பாக்கியைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். தோல் உறையிலோ கான்வாஸ் உறையிலோ போட்டு உள்ளே வைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்துக் குழலோடு ஒட்டி வைக்கும். உறை என்பது எடுத்துப் போகிறபோது மட்டும். கையால் தொட்ட இடத்தில் வியர்வை உப்பு இருக்கும், துடைக்காமல் வைத்தால் விரல் ரேகையே துருவாக எழுந்து நிற்கும். குழலுக்குள் பித்தளைக் கம்பித் தூரிகை விட்டு, உலர்ந்த துணி இழுத்து, கடைசியில் கன் ஆயில் மெல்லிசாக. நிறைய எண்ணெய் நல்லது என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. நேராக நிறுத்தி வைத்தால் அந்த எண்ணெய் வழிந்து இறங்கிப் பின்கட்டை மரத்தில் ஊறி, மரம் மெத்து மெத்தென்று ஆகிவிடும். எண்ணெய் போட்ட புதிதில் குழல் வாய் கீழே இருக்கும்படி வைப்பது அதனால்தான். என் பெட்டியில் கீழே ஒரு ரப்பர் கிண்ணம் வைத்து அப்படி நிறுத்தும்படி செய்து தந்திருக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்துக்காகவே பட்டறைக்காரரைப் பாராட்டலாம்.

ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் போதும். நீல நிறம் வாங்கினால், ஈரம் குடித்து நிறைந்ததும் ரோஸ் நிறமாக மாறும், சூடாக்கினால் மறுபடி நீலம். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, உடம்புக்குக் கெடுதல், ஆகவே சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள், தனி ஓட்டுச் சட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிறத்திலும் கிடைக்கிறது, அதில் கோபால்ட் கிடையாது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதை வாங்குங்கள். இங்கே துணி பீரோவிலும் செருப்பு அலமாரியிலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஜீரோ வாட் பல்பு எரியவிடுவது பழைய வழக்கம். துப்பாக்கிப் பெட்டியிலும் அதைச் செய்யலாமா என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் கேட்டார். தோட்டாவும் அதே பெட்டியில் இருக்கும் வரை வேண்டாம் என்றேன். வெடிமருந்து இருக்கிற மூடின பெட்டிக்குள் மின்சார ஒயரையும் சூட்டையும் கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிற மாவட்டம் இது, அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், மருந்துப் பக்கம் சூட்டைக் கொண்டு போகலாமா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தோட்டாவுக்கு எண்ணெய் ஆகாது. அரசாங்கத் தொழிற்சாலைத் தோட்டாவானாலும் சரி, வேறானாலும் சரி, அட்டையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சின்ன சிலிக்கா பொட்டலம் ஒன்று சேர்த்து, மேலறையில் பூட்டிவிடுங்கள். பித்தளை அடி பச்சை பூத்திருந்தாலோ, உடல் உப்பியிருந்தாலோ அதைக் குழலில் திணித்துப் பார்க்க வேண்டாம். லைசென்ஸில் வாங்கின கணக்கும் கையில் இருக்கிற கணக்கும் ஒத்துப்போக வேண்டும், உள்கதவில் ஒரு சின்ன நோட்டு தொங்கவிட்டிருக்கிறேன்.

அடுத்து, மாட்டுவது. சுவரில் இறுக்காத பெட்டி எவ்வளவு கனமானாலும் தூக்கிக்கொண்டு போகிற சாமான்தான், ஜீப்பில் ஏற்றிவிட்டால் ஆற அமர வேறெங்கோ வைத்து உடைக்கலாம். பட்டறையில் பின்பக்கம் நான்கு ஓட்டையும் அடியில் இரண்டும் போட்டு, ஆங்கர் போல்ட்டும் கொடுத்தார்கள். புது கான்கிரீட் வீட்டுக்கு அது சரி. எங்கள் வீடு பழைய கருங்கல் சுவர், நடுவில் மண் சாந்து. அதில் ஆங்கர் போல்ட்டை முறுக்க முறுக்க உள்ளே மண்தான் உதிரும், பிடிக்கவே பிடிக்காது. கொத்தனார் சொன்னபடி சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் வரை நீளக் கம்பி விட்டு, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு போட்டு, மேலே பூசிவிட்டோம். அடியில் தரையின் கான்கிரீட்டில் இரண்டு போல்ட். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டினோம், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அரை அங்குலம் இடைவெளி வருகிற மாதிரி பிளாஸ்டிக் வாஷர்கள். இடைவெளி விடாத இன்னொரு வீட்டில் பின்தகடு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கோட்டிங் எழும்பியதைப் பார்த்திருக்கிறேன். என் பெட்டியிலும் அடி வெல்டிங் ஓரத்தில் ஒரு இடம் லேசாகப் பூத்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்த பிறகு நின்றுவிட்டது. அந்த விலைக்கு அடிப்பக்கம் இன்னும் கவனமாகப் பூசியிருக்கலாம்.

சாவிக்கு வருகிறேன். பெட்டியை விடப் பெரிய விஷயம் இது. ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி தருகிறார்கள். ஒரு ஜோடி எப்போதும் என் உடம்போடு இருக்கிறது, ஆணியில் மாட்டுவது கிடையாது. இரண்டாவது ஜோடி கோத்தகிரியில் வங்கி லாக்கரில். வீட்டுக்காரியிடம் கொடுக்கலாமே, ஆபத்து நேரத்தில் அவள் எடுக்க வேண்டாமா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். சட்டப்படி லைசென்ஸ் என் ஒருவன் பேரில். லைசென்ஸ்தாரர் கூடவே இருக்கும்போதோ, அவர் எழுதிக் கொடுத்த அனுமதியோடு பழுது பார்க்கவும் லைசென்ஸ் புதுப்பிக்கவும் அவருடைய உபயோகத்துக்கும் மட்டுமோ இன்னொருவர் எடுத்துப் போகலாமே ஒழிய, நான் கோயம்புத்தூரில் இருக்கும்போது வீட்டில் வேறொருவர் கையில் துப்பாக்கி இருக்க முடியாது. அவளுக்கும் வேண்டும் என்றால் அவள் பேரில் லைசென்ஸ் எடுத்து, பாதுகாப்புப் பயிற்சி முடிக்கட்டும், நான் சந்தோஷப்படுவேன். அதுவரைக்கும் சாவி அவளிடம் இல்லை, அவளும் அதைத்தான் விரும்புகிறாள்.

வீட்டில் யாராவது மனசு உடைந்து கிடக்கிற காலம் வரும். கடன், குடி, பரீட்சை, காதல், எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற துப்பாக்கி யோசிக்க நேரமே கொடுக்காது. இரண்டு கதவு, இரண்டு சாவி, அந்தச் சாவியும் வேறொருவர் உடம்பில் என்றால், அந்தக் கெட்ட நேரம் கடந்து போக வழி கிடைக்கிறது. யாருக்காவது அப்படி ஒரு நிலைமை என்று தெரிந்தால் பெட்டியைக்கூட நம்பாதீர்கள், லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஸ்டேஷனிலோ துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பூட்டி வைத்தால் திருடன் வரும்போது எடுக்க முடியாதே என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்வி. சாவி கையில் இருந்தால் இரண்டு பூட்டும் திறந்து எடுக்க ஒரு நிமிஷத்துக்குள்தான் ஆகிறது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுப்பது கதவு, கிரில், வெளி விளக்கு, நாய், இவைதான். அவற்றில் செலவு செய்யாமல் துப்பாக்கியை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. முன்வாசலுக்கு இரும்புக் கதவு, வீட்டைச் சுற்றி ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற சோலார் விளக்கு, மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு போன் ஏற்பாடு, இதெல்லாம் எங்களுக்கு எப்போதோ உதவியிருக்கிறது. தற்காப்புச் சட்டமும் அதே கணக்கில்தான் போகிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும், தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் உதவி தேட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது. மிளகு பறிக்க வந்த களவாணியைச் சுட்டுவிட்டு தற்காப்பு என்று சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் ராத்திரி வருவது பெரும்பாலும் திருடன்கூட இல்லை, கரடி. எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவை உடைக்கும், ரேஷன் கடையை உடைக்கும், அடுப்படிக் கதவையும் உடைக்கும். கரடி, சிறுத்தை, காட்டெருமை எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. உயிருக்கு நேராக ஆபத்து வந்து நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டால் குற்றமில்லை என்று ஒரு பிரிவு உண்டு, அதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நிற்கிற விலங்கைச் சுட முடியாது. எண்ணெய் டின்னையும் சமையல் கழிவையும் உள்ளே வைத்துப் பூட்டி, வெளி விளக்கைப் போட்டு, வனத்துறைக்குப் போன் செய்வதுதான் வேலை. பெட்டி வந்த பிறகு அப்பா ராத்திரி நாய் குரைத்தால் துப்பாக்கியைத் தேடுவதில்லை, சுவிட்சைத் தேடுகிறார், அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

சட்டம் பற்றி இன்னும் கொஞ்சம். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது, அடுத்தவர் உயிருக்கு ஆபத்தாகும்படி அலட்சியமாகச் சுடுவது, இரண்டுக்கும் 2 வருஷம் வரை சிறையோ ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. குடகில் லைசென்ஸ் வேண்டாமே என்று சிலர் சொல்வார்கள், அது குடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்கிற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும் கொடுத்த விலக்கு, நம்மைப் போன்ற மற்றவர்களுக்குச் செல்லாது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி தானாக மகனுக்கு வந்துவிடாது, தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ ஆயுத டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதை வீட்டில் இருப்பவர்களுக்கு எழுதி, லைசென்ஸ் நகலோடு ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், வங்கி லாக்கர் விவரமும் அதில்தான்.

அப்புறம் தேர்தல். அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச்சில் கொடுத்தால் ஜூனில்தான் திரும்பக் கிடைத்தது. அந்த மாதங்களில் யாரும் துடைத்து எண்ணெய் போடப் போவதில்லை. கொடுக்கும் முன் கொஞ்சம் தாராளமாகவே ஆயில் போட்டு, துப்பாக்கி எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, ரசீதில் அதே எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திரும்ப வாங்கியதும் முதல் வேலை, குழலை மடக்கி இரண்டு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்ப்பது. ஒவ்வொரு தடவை பெட்டியில் வைக்கும்போதும் இதே பழக்கம்தான்.

செய்யச் சொல்லப் போகிறவர்களுக்கு: பட்டறைக்குத் துப்பாக்கியை எடுத்துப் போகாதீர்கள், அளவை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். குழல் 30 அங்குலம் என்றால் மொத்த நீளம் 47 அங்குலம் கிட்ட வரும், கீழே ரப்பருக்கும் மேலே தோட்டா அறைக்கும் இடம் விட்டு உயரம் சொல்லுங்கள். எனக்கு 135 சென்டிமீட்டர் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது, தோட்டா அறை உயரம் குறைந்துவிட்டது, 145 என்று சொல்லியிருந்தால் வசதி. இடம் இல்லாத வீட்டில் குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றி வைக்கிற மாதிரி பாதி உயரத்திலும் செய்து தருகிறார்கள், விலையும் குறையும். பெட்டியை என்ன பொருளுக்கு என்று பட்டறையில் ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டியதில்லை, பத்திரப் பெட்டி என்றால் போதும். வேனில் வரும்போதும் சாக்கு சுற்றிக் கொண்டு வாருங்கள்.